தீயணைப்பு ஊர்தி ஓட்டுநரும் மது, போதைப்பொருள் குறித்த பணி நெறிகளும்: மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தீயணைப்பு ஊர்தியை ஓட்டுபவர் மது, போதைப்பொருள், மயக்கம் தரும் மருந்து ஆகியவற்றின் தாக்கத்தில் இருத்தல் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ‘தாக்கம்’ என்பதை எவ்வாறு அளப்பது, யார் அளப்பது, எப்போது அளப்பது என்னும் வினாக்களுக்கு இந்தியச் சட்டம் ஒரே இடத்தில் விடை தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் குற்றத்தின் எல்லையை வகுக்கிறது. பணி நடத்தை விதிகள் ஒழுங்கீனத்தை வரையறுக்கின்றன. ஊர்தி நிலையத்தை விட்டுப் புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனை குறித்து இவ்விரண்டும் பேசவில்லை. தொடர்வண்டி, வானூர்தி ஆகிய துறைகளின் விதிகளோடு ஒப்பிட்டு இவ்விடைவெளியை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் கடற்கரை இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தீயணைப்பு ஊர்தி, மரக்காணம், மோட்டார் வாகனச் சட்டம், குருதி மதுவளவு, பணி நடத்தை விதிகள், மூச்சுப் பகுப்பாய்வு.

முன்னுரை

கள்ளுண்ணாமை தமிழ் அற மரபில் நெடிய வரலாறு உடையது. திருக்குறளில் 93ஆம் அதிகாரமாக அமைந்த அது, மதுவை அறிவை மயக்கும் பொருளாகவே அணுகுகிறது. உண்பவனின் ஒழுக்கக் கேட்டோடு நில்லாமல், அவன் தன்னிலை அறியாத நிலைக்கு ஆளாவதையே அவ்வதிகாரம் அழுத்திக் கூறுகிறது. இக்காலப் போக்குவரத்துச் சட்டமும் இதே அடிப்படையில் நிற்கிறது. குடித்தவர் தாம் தெளிவாக இருப்பதாக நம்புகிறார். அந்நம்பிக்கையைச் சான்றாகக் கொள்ள முடியாது என்பதாலேயே அளவீடு தேவைப்படுகிறது.

பொது ஓட்டுநருக்கும் தீயணைப்பு ஊர்தி ஓட்டுநருக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பொது ஓட்டுநர் தம் பயணத்தை ஒத்திவைக்கலாம். தீயணைப்பு ஊர்தி ஓட்டுநருக்குப் பயண நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அழைப்பு மணி ஒலித்ததும் அவர் புறப்பட வேண்டும். ஆகவே அவரைப் பொறுத்தவரை ‘குடித்தால் ஓட்டாதே’ என்னும் அறிவுரை போதாது. பணியில் இருக்கும் நேரம் முழுவதும் ஓட்டுவதற்குத் தகுதியான நிலையில் இருத்தல் என்பதே அவருக்குரிய நெறியாகும்.

களம்: மரக்காணம் உப்பளக் கடற்கரை

தமிழ்நாட்டின் உப்பு உற்பத்தியில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றை அடுத்து வைத்து எண்ணப்படுவது மரக்காணம். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனுக்கு உரியதாகக் கூறப்படும் அப்பட்டினத்தில் பாணர்க்கு மீனும் பழைய கள்ளும் விருந்தாக அளிக்கப்பட்ட செய்தியை அந்நூல் தருகிறது. நெய்தல் நில வாழ்வில் மது விருந்தோம்பலின் பகுதியாக இருந்ததை இது காட்டும்.

அதே கடற்கரையில் மது கொலைப்பொருளாக மாறிய நிகழ்வும் அண்மையில் நேர்ந்தது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தியவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தனர். அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இறப்புகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து உயிரிழந்தோர் 20க்கும் மேற்பட்டோர் ஆவர். வழக்கு மாநிலக் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் இதனினும் பெரிய அழிவு ஏற்பட்டது. அதன் பின்னர் 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்புக்குக் காரணமான கள்ளச்சாராயக் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது.

இந்நிகழ்வுகளுக்கும் தீயணைப்புப் பணியாளர்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. இப்பகுதித் தீயணைப்பு நிலையத்தார் மீது குற்றம் சுமத்துவதும் இக்கட்டுரையின் கருத்தன்று. இங்குள்ள ஊர்தி ஓட்டும் சூழல், விதியின் தேவையைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதே மரக்காணத்தைக் களமாகக் கொண்டதன் காரணமாகும்.

அச்சூழலை மூன்று கூறுகளாகக் காணலாம். முதலாவது கிழக்குக் கடற்கரைச் சாலை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே விரைந்து செல்லும் ஊர்திகள் ஊரின் வழியாகவே கடக்கின்றன. வேறு ஆயத்தீர்வைச் சட்டம் நடைமுறையிலுள்ள புதுச்சேரி ஒன்றியப் பகுதி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் உள்ளது. இரண்டாவது, உப்பளங்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் செல்லும் கிளைப் பாதைகள். உப்புப் பாத்திகளுக்கு இடையேயான மண் கரைகள் அகலம் குறைந்தவை. ஓரங்கள் மென்மையானவை. 4500 லிட்டர் நீர் ஏற்றிய ஊர்தியில் நீரின் எடை மட்டுமே நான்கரை டன் ஆகும். தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது திருப்பங்களில் நீர் ஒரு பக்கமாக அலைந்து ஊர்தியின் சமநிலையைக் குலைக்கும். மூன்றாவது, வடகிழக்குப் பருவமழைக் காலப் புயல். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகளில் மரங்களை அகற்றுதல், வெள்ளத்திலிருந்து மக்களை மீட்டல் ஆகிய பணிகளுக்கும் இதே ஓட்டுநர்களே செல்கின்றனர். இம்மூன்று நிலைகளிலும் நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் திறன் வேண்டும். மது முதலில் குறைப்பது அத்திறனையே ஆகும்.

முதல் அடுக்கு: மோட்டார் வாகனச் சட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இருவகை நிலைகளைக் குற்றமாக்குகிறது. ஒன்று, 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் ஊர்தியை ஓட்டுதல் அல்லது ஓட்ட முயலுதல். மற்றொன்று, ஊர்தியை உரியவாறு கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதைமருந்தின் தாக்கத்தில் இருத்தல். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் ஆகும்.

30 மில்லிகிராம் என்னும் வரம்பு சட்டத்தின் தொடக்க வடிவில் இல்லை. 1988ஆம் ஆண்டுப் பாடத்தில் குருதியில் எவ்வளவு சிறிய அளவு மது இருந்தாலும் குற்றம் என்றே இருந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தமே இன்றைய எண்ணைக் கொண்டுவந்தது. அனைத்து ஓட்டுநருக்கும் பொதுவான குற்றவியல் சட்டத்தில் நடைமுறைக்கு உகந்த எல்லை ஒன்றை வகுத்தது பொருத்தமே. ஆயினும் அவ்வெல்லை இருசக்கர ஊர்தி ஓட்டுபவருக்கும், அபாய ஒலி எழுப்பிச் செல்லும் தீயணைப்பு ஊர்தி ஓட்டுபவருக்கும் ஒன்றாகவே உள்ளது.

சோதனை அதிகாரம் 203ஆம் பிரிவில் உள்ளது. சீருடை அணிந்த காவல் அலுவலரோ, மோட்டார் வாகனத் துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரோ, பொது இடத்தில் ஊர்தியை ஓட்டுபவரிடம் அல்லது ஓட்ட முயல்பவரிடம், ஐயத்திற்கு நியாயமான காரணம் இருந்தால், மூச்சு மாதிரியைக் கேட்கலாம். 204ஆம் பிரிவு குருதிச் சோதனையைப் பற்றியது. காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தலைச் சான்றாகக் கொள்ள 205ஆம் பிரிவு இடமளிக்கிறது. பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிடில் விடுவிக்க வேண்டும் என 202ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது.

இவ்வமைப்பு சாலையை மையமாகக் கொண்டது என்பது தெளிவு. தீயணைப்பு நிலையத்திற்குள் பணியில் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் ஊர்தியை ஓட்டவும் இல்லை, ஓட்ட முயலவும் இல்லை. நிலைய அலுவலர் காவல் அலுவலரும் அல்லர். ஆகவே 203ஆம் பிரிவின்கீழ் அவருக்குச் சோதனை அதிகாரம் இல்லை. ஊர்தி நிலைய வாயிலைக் கடந்த பின்னரே சட்டத்தின் சோதனை அதிகாரம் பிறக்கிறது. அபாய ஒலியோடு விரையும் தீயணைப்பு ஊர்தியை எக்காவலரும் வழிமறித்து மூச்சுச் சோதனை செய்யப் போவதில்லை. ஆகவே இவ்வதிகாரம் நடைமுறையில் விபத்துக்குப் பின்னரே பயன்படும்.

இதற்கிடையே 188ஆம் பிரிவு நிலைய அலுவலரின் நிலையை மேலும் கடினமாக்குகிறது. 185ஆம் பிரிவுக் குற்றத்திற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அக்குற்றத்திற்குரிய தண்டனையே உண்டு. ஓட்டுநர் மது அருந்தியிருப்பதை அறிந்தும் ஊர்தியை எடுக்கப் பணிக்கும் அலுவலர் இப்பிரிவின் வரம்புக்குள் வரக்கூடும். பொறுப்பு அவர்மேல் உள்ளது. அளந்தறியும் கருவியும் அதிகாரமும் அவரிடம் இல்லை.

முன்னுரிமையும் அதன் எல்லையும்

தீயணைப்பு ஊர்திக்குச் சட்டம் பல சலுகைகளை அளித்துள்ளது. தீயணைப்புப் பணிக்கு மட்டும் பயன்படும் ஊர்திக்கு அனுமதிச் சீட்டுத் தேவையில்லை என 66ஆம் பிரிவு கூறுகிறது. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அவசரப் பணியில் உள்ள ஊர்திக்கு வழி முன்னுரிமை தருகின்றன. உரிய கவனத்தோடு செல்லும் நிலையில் சிவப்பு விளக்கு, வேக வரம்பு போன்றவற்றிலிருந்து விலக்கும் அளிக்கின்றன. 2019இல் சேர்க்கப்பட்ட 194உ பிரிவு, தீயணைப்பு ஊர்தி வரும்போது சாலையோரம் ஒதுங்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் என்கிறது.

இத்தண்டனையை 185ஆம் பிரிவோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். தீயணைப்பு ஊர்திக்கு வழிவிடாதவருக்கும் முதன்முறை குடித்துவிட்டு ஓட்டியவருக்கும் சட்டம் ஒரே அளவுத் தண்டனையையே விதித்துள்ளது. பொதுமக்கள் தங்கள் உரிமையை விட்டுக்கொடுத்து ஒதுங்குவதைச் சட்டம் கட்டாயமாக்குகிறது. அவ்வாறு ஒதுங்குவோர், வரும் ஊர்தி தெளிந்த நிலையிலுள்ள ஒருவரால் ஓட்டப்படுகிறது என்னும் நம்பிக்கையில் ஒதுங்குகின்றனர். வேகத்திற்கும் சமிக்ஞைக்கும் விலக்கு உண்டு. 185ஆம் பிரிவுக்கு எவ்வித விலக்கும் இல்லை. சலுகை கூடும் அளவுக்குக் கடமையும் கூடும் என்பதே இதன் உட்பொருள். அக்கடமையின் கூடுதல் அளவை மோட்டார் வாகனச் சட்டம் எண்ணால் குறிக்கவில்லை.

இரண்டாம் அடுக்கு: பணி நடத்தை விதிகள்

தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினர் மாநில அரசு ஊழியர் ஆவர். துறையின் அமைப்புக்கு 1985ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டமும், ஊழியரின் நடத்தைக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அடிப்படையாக உள்ளன. இந்திய அரசுப் பணியில் இவ்வகை விதி எவ்வாறு அமைகிறது என்பதற்கு 1964ஆம் ஆண்டு மத்திய குடிமைப் பணிகள் நடத்தை விதிகளின் 22ஆம் விதி நல்ல சான்றாகும். அது ஐந்து கடமைகளை விதிக்கிறது: அந்தந்தப் பகுதியில் நடைமுறையிலுள்ள மதுச் சட்டங்களுக்குக் கட்டுப்படுதல், பணியின்போது மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இல்லாதிருத்தல், பொது இடத்தில் அருந்தாதிருத்தல், மயங்கிய நிலையில் பொது இடத்தில் தோன்றாதிருத்தல், அளவுக்கு மீறிப் பயன்படுத்தாதிருத்தல்.

இவற்றுள் இரண்டாவது கடமைக்கு ஒரு பின்னொட்டு உண்டு. எந்நேரத்திலும் தம் கடமை நிறைவேற்றம் மதுவின் தாக்கத்தால் எவ்வகையிலும் பாதிக்கப்படாதவாறு ஊழியர் கவனம் கொள்ள வேண்டும் என அது கூறுகிறது. பணி நேரத்துக்கு முன் அருந்தியதன் எச்சமும் இதற்குள் அடங்கும். 30 மில்லிகிராம் என்னும் எண் இவ்விதியில் இல்லை. ஆகவே 25 மில்லிகிராம் மதுவோடு பணியில் இருந்த ஓட்டுநர் 185ஆம் பிரிவின்கீழ்க் குற்றவாளி ஆகமாட்டார். எனினும் இத்தகைய நடத்தை விதியின்கீழ் அவர் விளக்கம் அளிக்க வேண்டியவரே. குற்றவியல் சட்டத்தின் எல்லையும் பணி ஒழுங்கின் எல்லையும் வேறுவேறு என்பதை ஓட்டுநர்கள் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். சட்ட வரம்புக்குள் இருப்பதே பணித் தகுதி என்னும் தவறான எண்ணம் இதனால் நீங்கும்.

நீதிமன்றங்களின் நோக்கு

சீருடைப் பணியில் மது குறித்து உச்ச நீதிமன்றம் கண்டிப்பான நிலைப்பாட்டை மேற்கொண்டுள்ளது. பணி நேரத்தில் துப்பாக்கியுடன் மிகுந்த போதையில் பேருந்து நிலையத்தில் திரிந்த பஞ்சாப் காவலர் ஒருவரின் வழக்கில், அந்த ஒரே செயலே பணிநீக்கத்திற்குரிய கடும் ஒழுங்கீனம் ஆகலாம் என 1992இல் தீர்ப்பளித்தது.

தீயணைப்பு ஊர்திக்கு மேலும் நெருக்கமானது 2022 ஜனவரியில் வந்த தீர்ப்பாகும். உத்தரப்பிரதேச ஆயுதப்படையினரை ஏற்றிக்கொண்டு கும்பமேளாப் பணிக்காகப் பதேபூரிலிருந்து அலகாபாத் சென்ற சரக்குந்தின் ஓட்டுநர் மது அருந்தியிருந்தார். வண்டி ஜீப் ஒன்றுடன் மோதியது. பெரிய இழப்பு எதுவும் நேரவில்லை என்பது கருணைக்குக் காரணமாகக் கூறப்பட்டது. உயிரிழப்பு நேராதது நல்வாய்ப்பு மட்டுமே என்றும், பிறர் உயிரைச் சுமந்து செல்பவரின் போதை சிறு தவறு ஆகாது என்றும் நீதிமன்றம் கருதியது. அதே வேளையில் 25 ஆண்டுப் பணியையும் அவர் இறந்துவிட்டதையும் கருதி, பணிநீக்கத்தைக் கட்டாய ஓய்வாக மாற்றியது. குற்றத்தின் கடுமையை ஒப்புக்கொண்டு, குடும்பத்தின் வாழ்வாதாரத்தையும் காத்த தீர்ப்பு இது.

மெய்ப்பித்தலில் நீதிமன்றங்கள் காட்டிய எச்சரிக்கையையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். மூச்சில் மது வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி ஆகியவற்றை மட்டும் கொண்டு, குருதி அல்லது சிறுநீர்ச் சோதனை இல்லாத நிலையில், ஒருவர் போதையில் இருந்தார் என உறுதியாகக் கூற இயலாது என 1971இல் மகாராட்டிர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது பணியாளருக்கும் பாதுகாப்பாகும். நீரிழிவின் தாழ்சர்க்கரை நிலை, தலைக்காயம், வெப்ப மயக்கம் ஆகியவையும் தள்ளாட்டத்தையும் குழறலையும் தரும். வெயிலில் நெடுநேரம் தீயோடு போராடியவரைப் போதையில் இருந்தவர் எனத் தவறாகக் கருதும் நிலை வரலாம். அளவீடு இல்லாத விதி குற்றவாளியைத் தப்பவிடுவதோடு குற்றமற்றவரையும் துன்புறுத்தும்.

கால இடைவெளியும் உடலியலும்

அருந்திய மதுவை உடல் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில் வெளியேற்றுகிறது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டர் குருதியில் 15 மில்லிகிராம் அளவு குறையும். ஆளுக்கு ஆள் இது ஏறக்குறைய 10 முதல் 20 வரை வேறுபடும். குளித்தல், காப்பி அருந்துதல், மோர் குடித்தல் ஆகியவை இவ்வேகத்தைக் கூட்டுவதில்லை.

இரவு 11 மணிக்கு ஒருவரின் குருதி மதுவளவு 120 மில்லிகிராம் எனவும், மறுநாள் காலை 7 மணிக்குப் பணி தொடங்குகிறது எனவும் கொள்வோம். சராசரி வேகத்தில் எட்டு மணி நேரத்தில் மது முற்றிலும் நீங்கிவிடும். மணிக்கு 10 மில்லிகிராம் என்னும் மெதுவான வேகம் உடையவருக்கு 7 மணிக்கு 40 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். அது சட்ட வரம்புக்கும் மேலாகும். இரவு 11 மணிக்கு 180 மில்லிகிராம் இருந்தவருக்குச் சராசரி வேகத்திலேயே காலையில் 60 மில்லிகிராம் இருக்கும். அவர் உறங்கி எழுந்திருப்பார். போதையில் இருப்பதாக அவருக்குத் தோன்றாது. ஆயினும் சட்ட வரம்பைப் போல் இருமடங்கு மதுவோடு அவர் ஊர்தியை எடுப்பார். முந்தைய இரவின் மதுவே தீயணைப்பு நிலையத்தில் உண்மையான இடர் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. கால இடைவெளியும் பணித் தொடக்கச் சோதனையும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டியவை என்பதும் இதனால் விளங்கும்.

பிற துறைகளும் பிற நாடுகளும்

இந்தியாவிலேயே இதற்கு முன்மாதிரிகள் உள்ளன. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 24ஆம் விதி, வானோடிகள் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது அருந்துவதைத் தடுக்கிறது. பறப்பதற்கு முன் மூச்சுச் சோதனையும் நடைமுறையில் உள்ளது. வானூர்தி நிலைய வளாகத்திற்குள் ஊர்தி ஓட்டுவோரும் 2019 முதல் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டுள்ளனர். தொடர்வண்டித் துறையின் பொது விதிகளில் 2.09ஆம் விதி, வண்டி இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள பணியாளர் பணி தொடங்குவதற்கு எட்டு மணி நேரத்திற்குள் மதுவையோ, மயக்க மருந்தையோ, ஊக்க மருந்தையோ உட்கொள்ளலாகாது என்கிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 172ஆம் பிரிவு, பணியில் போதையில் இருந்து பயணிகளின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கக்கூடிய பணியாளருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது.

சில நாடுகள் பொறுப்புக்கு ஏற்ப வெவ்வேறு மதுவளவுகளை விதித்துள்ளன. இங்கிலாந்தில் பொது ஓட்டுநருக்கு 80 மில்லிகிராம் வரம்பு. வானோடிக்கு 20 மில்லிகிராம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பொது ஓட்டுநருக்கு 0.08 விழுக்காடு, வணிகக் கனரக ஊர்தி ஓட்டுநருக்கு 0.04 விழுக்காடு. இருப்பினும் அங்கே தீயணைப்பு ஊர்தி ஓட்டுநருக்கு வணிக ஊர்தி உரிம விதிகளிலிருந்து விலக்களிக்கக் கூட்டரசு மாநிலங்களுக்கு அதிகாரம் தந்துள்ளது. அவ்விலக்கு அளிக்கப்பட்ட இடங்களில் அவ்வுரிமத்தோடு இணைந்த போதைச் சோதனை விதிகளும் தாமாகப் பொருந்துவதில்லை. ஆகவே தீயணைப்புத் துறைகள் தத்தம் பணி விதிகளிலேயே மதுத் தடை, கால இடைவெளி, விபத்துக்குப் பிந்தைய சோதனை, ஓட்டுநர் உரிம நிலையை உடனே அறிவிக்கும் கடமை முதலியவற்றை எழுதிக்கொள்ள வேண்டிய நிலை உள்ளது.

மருந்துகள்

185ஆம் பிரிவு போதைமருந்துக்கு எண் வரம்பு எதையும் தரவில்லை. கட்டுப்படுத்த இயலாமை என்னும் நிலையே அளவுகோல். சட்டவிரோதப் போதைப்பொருள்களை 1985ஆம் ஆண்டின் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் தனியே தடை செய்கிறது. உண்மையான சிக்கல் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் உள்ளது. சளிக்கும் ஒவ்வாமைக்கும் உட்கொள்ளும் சில மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், உறக்க மாத்திரைகள், வலிநீக்கிகள் ஆகியவை உறக்கத்தைத் தூண்டும். மூச்சுச் சோதனை இவற்றைக் காட்டாது. தொடர்வண்டி விதியில் உள்ளது போல் மயக்க மருந்துகளைப் பெயரிட்டுச் சேர்ப்பதும், மருந்து உட்கொண்டவர் தண்டனை அச்சமின்றி அதை நிலைய அலுவலரிடம் தெரிவித்து அன்று ஊர்தி ஓட்டும் பொறுப்பிலிருந்து விலகுவதற்கு வழி செய்வதும் இதற்குரிய தீர்வாகும்.

மறைத்தலும் சிகிச்சையும்

கடுமையான தண்டனை மட்டுமே உள்ள இடத்தில் பணியாளர் தம் பழக்கத்தை மறைப்பர். உடன் பணியாற்றுவோரும் அதற்குத் துணை நிற்பர். ஒருவர் வேலையிழந்தால் குடும்பம் நலியும் என்னும் இரக்கமே இதற்குக் காரணம். தீயணைப்புக் குழுவில் நிலவும் நெருங்கிய நட்பு, பணியில் பெருவலிமை. இவ்விடத்தில் அதுவே குறையாக மாறும்.

மதுச் சார்பு ஒரு நோய்நிலை என்பதை இந்தியச் சட்டமும் ஏற்றுள்ளது. 2017ஆம் ஆண்டு மனநல நலப்பேணல் சட்டத்தில் ‘மனநோய்’ என்பதன் வரையறை, மது மற்றும் போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் உள்ளடக்குகிறது. போதைமருந்துச் சட்டத்தின் 64அ பிரிவு, தாமே முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைப்பட்டோருக்குச் சில குற்றங்களில் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. விபத்துக் களங்களில் கருகிய உடல்களையும் நீரில் மூழ்கிய குழந்தைகளையும் மீட்கும் பணியினருக்கு மனச்சுமை மிகுதி. அச்சுமையைத் தணிக்க மதுவை நாடுவோரும் உண்டு. ஆகவே பணியாளர் தாமே வந்து உதவி கேட்பதையும் பணியில் போதையில் பிடிபடுவதையும் விதி வேறுபடுத்திக் காணல் வேண்டும். முன்னதற்குச் சிகிச்சையும் ஊர்தி ஓட்டாத மாற்றுப் பணியும் உரியவை. பின்னதற்கு ஒழுங்கு நடவடிக்கை உரியது.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்திலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மோட்டார் வாகனச் சட்டத்தின் 30 மில்லிகிராம் என்பது குற்றத்தின் எல்லை. தீயணைப்பு ஊர்தி ஓட்டுநரின் பணித் தகுதிக்கு அதை அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. பணி நேரத்தில் மதுவற்ற நிலையே உரிய அளவுகோல்.

2. பணிக்கு முந்தைய கால இடைவெளியை எண்ணால் குறிப்பிடுதல் வேண்டும். தொடர்வண்டியின் எட்டு மணி நேரமும் வானூர்தியின் 12 மணி நேரமும் இதற்கு முன்மாதிரிகள்.

3. பணி தொடங்கும்போது ஓட்டுநர் அனைவருக்கும் மூச்சுச் சோதனை செய்தல் வேண்டும். ஐயத்தின்பேரில் ஒருவரைத் தனித்துச் சோதிப்பதால் எழும் மனக்கசப்பு, அனைவரையும் சோதிக்கும் இடத்தில் எழாது. சோதனையில் மது காணப்பட்டால் குருதிச் சோதனைக்கு வழி இருத்தல் வேண்டும்.

4. சோதனையில் தகுதி பெறாத ஓட்டுநருக்கு மாற்றாக உரிமமும் பயிற்சியும் பெற்ற மற்றொருவர் ஒவ்வொரு பணிமுறையிலும் இருத்தல் வேண்டும்.

5. மருந்து உட்கொண்டதைத் தெரிவித்தல், தாமே முன்வந்து சிகிச்சை கேட்டல் ஆகியவற்றுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு அளித்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவது பெரும்பாலும் பேசப்படாதது. ஆயினும் மற்றவை நடைமுறைக்கு வருமா என்பது அதையே சார்ந்துள்ளது. ஒரே ஓட்டுநர் மட்டும் உள்ள நேரத்தில் குப்பத்துக் கூரை வீடுகள் பற்றி எரியும் அழைப்பு வந்தால், நிலைய அலுவலர் முன் இரு வழிகளே இருக்கும். ஊர்தியை அனுப்பினால் சாலையில் செல்வோருக்கும் குழுவினருக்கும் இடர். அனுப்பாவிடில் எரியும் வீடுகளில் இருப்போருக்கு இடர். எவ்வளவு நேர்மையான அலுவலரும் அந்நிலையில் சரியான முடிவை எடுக்க இயலாது. ஏனெனில் சரியான முடிவு அன்று காலையிலேயே எடுக்கப்பட்டிருக்க வேண்டியது. பணித் தொடக்கச் சோதனையும் மாற்று ஓட்டுநரும் அம்முடிவை அழைப்பு மணிக்கு முன்னரே எடுக்க உதவுகின்றன. மோட்டார் வாகனச் சட்டமும் நடத்தை விதிகளும் விட்டுவைத்த இடைவெளியை நிரப்ப நிலைய அளவிலான இந்நெறிகள் பயன்படும்.